'ஆம்பளப் பையன்தானே, என்ன ஆகிடப் போகுது?' - சிறுவர்கள் மீதான பாலியல் வன்முறை... நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை!

'பையனுக்கு என்ன பயம், தனியா போயிட்டு வந்துடுவான்.'

'கல்யாண வீட்டுல இடம் இல்ல. மாமாகூட மாடியில படுத்துக்கட்டும்.'

'ஆம்பளப் புள்ள அழலாமா?'

இந்த மூன்றில் ஒன்றையாவது கேட்காமல் நம் ஊரில் ஒரு பையன் வளர்ந்திருக்க வாய்ப்பே இல்லை. சொன்னவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால், முதல் இரண்டும் தப்பு செய்ய நினைக்கும் ஒருவருக்குத் தனிமையைக் கொடுக்கின்றன. மூன்றாவது, பாதிக்கப்பட்ட பையனின் வாயை மூடுகிறது.

பெண் குழந்தைகளின் பாதுகாப்பு பற்றி இன்று ஓரளவு பேசுகிறோம். அது இன்னும் நிறைய பேசப்பட வேண்டும். அதே வீட்டில், அதே வகுப்பறையில் இருக்கும் பையன்களைப் பற்றி மட்டும் ஏன் பேச்சே வருவதில்லை? இந்தக் கட்டுரையைப் படிக்கும் நீங்கள் ஒரு அண்ணனாக, அக்காவாக, சித்தப்பாவாக, டியூஷன் எடுப்பவராக, புதிதாக அப்பா அம்மா ஆனவராக இருக்கலாம். உங்கள் வீட்டுப் பையன் முதலில் வாய் திறப்பது உங்களிடமாகக்கூட இருக்கலாம். அதனால் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசி எடுக்கப்பட்ட ஆய்வு அது. ஏதாவது ஒரு வகையில் பாலியல் சீண்டலுக்கோ, வன்முறைக்கோ ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22 சதவிகிதம். அப்படிச் சொன்னவர்களில் 52.94 சதவிகிதம் பேர் பையன்கள். ஆமாம், பாதிக்கும் மேல்!

அதே ஆய்வு இன்னும் இரண்டு விஷயங்களைச் சொன்னது. தவறு செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், குழந்தை நம்பியவர்கள். பாதிக்கப்பட்ட பெரும்பாலான குழந்தைகள் அதை யாரிடமும் சொல்லவே இல்லை.

இப்போது போலீஸ் கணக்குக்கு வாருங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் போக்சோ புள்ளிவிவரங்களில், பாதிக்கப்பட்டவர்களில் ஆகப்பெரும்பான்மை பெண் குழந்தைகள்தான். பையன்களின் எண்ணிக்கை மிகச் சொற்பம். தனியாக உட்கார வைத்துக் கேட்டால் 'எனக்கும் நடந்தது' என்று சொல்லும் பையன்கள், போலீஸ் ஸ்டேஷன் வரை வருவதே இல்லை. நடுவில் காணாமல்போகும் அந்தப் பையன்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பையன்கள் ஏன் சொல்வதில்லை?

'நீ ஏன் அடிக்கல? நீ ஏன் ஓடல?' என்று கேட்பார்களோ என்கிற பயம் முதல் காரணம். பத்து வயதுப் பையனுக்கும் நாற்பது வயது ஆளுக்கும் உள்ள பலம் ஒன்றல்ல. தவிர, அதிர்ச்சியில் உடம்பு அப்படியே உறைந்துபோவது மனித இயல்பு. பெரியவர்களுக்கே அது நடக்கும்.

இரண்டாவது காரணம் பலருக்கும் தெரியாதது. தொட்டால் உடம்பு தானாக எதிர்வினை காட்டும். கண்ணில் தூசி விழுந்தால் இமை மூடுவதுபோல அது ஒரு அனிச்சைச் செயல். பயத்தில்கூட அது நடக்கலாம். ஆனால் அந்தப் பையன், 'அப்போ எனக்கும் அது பிடிச்சிருந்ததோ?' என்று பல வருடங்கள் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்வான். தவறு செய்தவரும் 'உனக்கும் பிடிச்சுதுல்ல' என்று இதையே சொல்லி மடக்குவார். உடம்பின் எதிர்வினை சம்மதம் ஆகாது. வளர்ந்த பையன்கள் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

மூன்றாவது, 'என்னை வேற மாதிரி நினைப்பாங்களோ?' என்கிற கூச்சம். ஓர் ஆண் தவறாக நடந்துகொண்டதால் பையனின் பாலின ஈர்ப்பு மாறிவிடாது. தன்பாலின ஈர்ப்பு என்பது வன்முறையால் 'வரும்' விஷயமும் அல்ல. இரண்டையும் முடிச்சுப் போடுவதால்தான் பல பையன்கள் வாயே திறப்பதில்லை.

தவறு செய்தவர் பெண்ணாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 'மச்சக்காரன்டா நீ' என்று நண்பர்கள் சிரிப்பார்கள். சினிமாவிலும் அது காமெடிதான். பதிமூன்று வயதுப் பையனிடம் வளர்ந்த பெண் ஒருவர் அப்படி நடந்துகொண்டால், அதுவும் குற்றம்தான். அதில் அதிர்ஷ்டம் எங்கிருந்து வந்தது?

இன்னொரு கட்டுக்கதையும் உண்டு. 'பாதிக்கப்பட்ட பையன் வளர்ந்து அவனும் அதையே செய்வான்' என்பது. பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் அப்படி ஆவதில்லை. ஆனால், இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் தன் சொந்தக் குழந்தையைத் தூக்கக்கூடப் பயப்படுவார்கள். தயவுசெய்து இதைப் பரப்பாதீர்கள்.

எப்படி ஆரம்பிக்கிறது?

முகமூடி போட்ட ஆள் இருட்டில் பாய்ந்து வருவதில்லை. பெரும்பாலும் அது நட்பில்தான் ஆரம்பிக்கிறது.

முதலில் ஒரு பையனைக் கவனிப்பார்கள். வீட்டில் கவனிக்க ஆள் இல்லாதவன், தனியாக இருப்பவன், அப்பாவிடம் பேசப் பயப்படுபவன். பிறகு ஸ்பெஷல் கவனிப்பு... பைக் ஓட்டக் கற்றுத்தருவது, போனில் கேம் விளையாடக் கொடுப்பது, பரோட்டா வாங்கித் தருவது, டீமில் சேர்ப்பது. பெற்றோரிடமும் நல்ல பெயர் வாங்கிவிடுவார்கள். அடுத்து தனிமை. 'நான் கூட்டிட்டுப் போயிட்டு வர்றேன்', 'இன்னிக்கு எக்ஸ்ட்ரா கோச்சிங்.' அதன்பின் சின்னச் சின்ன எல்லை மீறல்... விளையாட்டுக்குத் தொடுவது, கூச்சம் காட்டுவது, ஆபாச வீடியோ காட்டுவது, ஒரு வாய் பீர் கொடுப்பது. கடைசியாகப் பூட்டு: 'சொன்னா உன்னைத்தான் திட்டுவாங்க. நீயும் வீடியோ பார்த்தேல்ல, பீர் குடிச்சேல்ல?'

வீட்டில் அடி விழும் என்று தெரிந்த பையனுக்கு இந்த மிரட்டல் உடனே வேலை செய்யும். அதனால்தான், 'என்ன தப்பு பண்ணியிருந்தாலும் எங்கிட்ட சொல்லலாம், அடிக்க மாட்டேன்' என்று ஒரு பையனுக்கு நம்பிக்கை கொடுப்பது பெரிய பாதுகாப்பு.

ஹாஸ்டல், டியூஷன், விளையாட்டுப் பயிற்சி, பள்ளி வேன், வழிபாட்டு இடங்கள், உறவினர் வீடு, கூட்டமான பஸ், சிறுவர்கள் வேலை பார்க்கும் கடைகள்... பையன்கள் தனியாக விடப்படும் எந்த இடத்திலும் இது நடக்கலாம். தவறு செய்பவர் வயதில் கொஞ்சம் மூத்த இன்னொரு பையனாகவும் இருக்கலாம். 'ராகிங்தானே' என்று ஹாஸ்டலில் சிரித்துக் கடந்துபோகும் சில விஷயங்கள் சட்டப்படி பாலியல் குற்றங்கள்.

மிரட்டல் போனுக்குள்ளும் வரும்!

இன்ஸ்டாவில் ஒரு பெண் பெயரில் ரிக்வெஸ்ட். இரண்டு நாள் இனிமையான சாட். 'நான் அனுப்புறேன், நீயும் அனுப்பு' என்று ஒரு போட்டோ கேட்பார்கள். அனுப்பிய அடுத்த நிமிடம், 'பணம் அனுப்பு, இல்லைனா உன் ஃபாலோயர்ஸ் எல்லாருக்கும் போகும்' என்று மிரட்டல். டீன் ஏஜ் பையன்களைக் குறிவைத்து நடக்கும் மோசடி இது. 14 முதல் 17 வயதுப் பையன்கள் இதில் அதிகம் சிக்குவதாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ பலமுறை எச்சரித்திருக்கிறது. அவமானம் தாங்காமல் உயிரை விட்ட பையன்களும் உண்டு.

இப்படி ஒரு பையன் உங்களிடம் வந்தால், முதலில் சொல்ல வேண்டியது: 'இது சரிபண்ணக்கூடிய பிரச்னைதான். நான் கூட இருக்கேன்.' பிறகு,

* பணம் அனுப்பக் கூடாது. ஒருமுறை கொடுத்தால் மறுபடி மறுபடி கேட்பார்கள்.

* சாட்டை அழிக்கக் கூடாது. அந்தப் பக்கத்தின் பெயர், மெசேஜ், யு.பி.ஐ ஐடி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுத்தான் பிளாக் செய்ய வேண்டும்.

* தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகார் செய்யுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள்.

* 18 வயதுக்குக் கீழ் எடுத்த படங்களுக்காக 'டேக் இட் டவுன்' என்றொரு இலவச சேவை இருக்கிறது. படத்தை எங்கும் அப்லோடு செய்யத் தேவையில்லை. படத்துக்கு ஒரு டிஜிட்டல் ரேகையை உருவாக்கி, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் அது பரவாமல் தடுக்க உதவும்.

இன்னொன்று. பாதிக்கப்பட்ட சிறுவனின் வீடியோ உங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்தால், 'விழிப்புணர்வுக்காக' என்றுகூட ஃபார்வேர்டு செய்யாதீர்கள். குழந்தைகளின் ஆபாசப் படங்களைப் பரப்பினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி முதல் முறைக்கே 5 ஆண்டுகள் வரை சிறையும், 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். 'பார்த்தது மட்டும் குற்றமில்லை' என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவையும் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. புகார் செய்யுங்கள், பரப்பாதீர்கள்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

ஓர் அறிகுறியை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. ஆனால் ஒரு பையனின் நடத்தை திடீரென்று மாறினால், 'வயசுக் கோளாறு' என்று ஒதுக்காமல் காரணத்தைத் தேடுங்கள்.

* குறிப்பிட்ட ஆளையோ, இடத்தையோ பார்த்தாலே தவிர்ப்பது. 'கிரிக்கெட் கோச்சிங் வேண்டாம்' என்று காரணம் சொல்லாமல் அடம்பிடிப்பது.

* விட்டுப்போன பழக்கம் திரும்ப வருவது. படுக்கையில் சிறுநீர் கழிப்பது, இருட்டுக்குப் பயப்படுவது.

* உட்காரவோ, நடக்கவோ சிரமப்படுவது, மலம் கழிக்க வலிப்பது, உள்ளாடையில் ரத்தக்கறை.

* திடீர் கோபம், தம்பி தங்கையை அடிப்பது. பெண் குழந்தைகளிடம் அழுகையாக வெளிப்படுவது, பல பையன்களிடம் கோபமாக வெளிப்படும். அதனால் 'அடங்காப்பிடாரி' என்று பெயர் வாங்கி, அதற்கும் அடி வாங்குவான்.

* மார்க் குறைவது, நண்பர்களிடமிருந்து ஒதுங்குவது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, வயதுக்கு மீறிய பாலியல் பேச்சு.

* யார் கொடுத்தது என்று சொல்ல முடியாத போன், பணம், டிரஸ்.

வயதுக்கு ஏற்றபடி என்ன சொல்லித் தரலாம்?

3 - 5 வயது: உடல் உறுப்புகளுக்குப் பெயர் சொல்லித் தாருங்கள். கை, கால் போல ஆணுறுப்புக்கும் ஒரு பெயர் உண்டு. பெயரே தெரியாத இடத்தில் நடந்ததைக் குழந்தையால் எப்படிச் சொல்ல முடியும்? வீட்டுக்கு வரும் பெரியவர்கள் சின்னப் பையனின் அந்த இடத்தைக் கிள்ளி விளையாடுவதும், சுற்றி இருப்பவர்கள் சிரிப்பதும் நம் ஊரில் இன்னும் உண்டு. அதை முதலில் நிறுத்துங்கள். 'தாத்தாவுக்கு முத்தம் குடு' என்று கட்டாயப்படுத்தாதீர்கள். அவனுக்கு விருப்பமில்லை என்றால் ஒரு வணக்கம் போதும்.

6 - 9 வயது: 'குட் டச், பேட் டச்' என்று மட்டும் சொன்னால் குழப்பம் வரும். ஏனென்றால் தவறான தொடுதல் வலிக்காமலும், கிச்சுகிச்சு மூட்டுவதுபோலவும் இருக்கலாம். 'பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல்' என்று சொல்லுங்கள். 'உள்ளாடை மறைக்கும் இடத்தை யாரும் தொடக் கூடாது, அவங்களோடதைத் தொடச் சொல்லவும் கூடாது. டாக்டர் பார்த்தாலும் அம்மாவோ அப்பாவோ கூட இருப்போம்' என்கிற ஒரு விதி போதும். அதோடு, 'வீட்டுல சொல்லாதேன்னு யாராவது ரகசியம் சொன்னா, அதை உடனே சொல்லணும்.' பர்த்டே சர்ப்ரைஸ் வேறு, ரகசியம் வேறு!

10 - 13 வயது: உடலில் வரப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே சொல்லுங்கள். தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோயல்ல என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லையென்றால், வெளியே 'விளக்கம் சொல்ல' ஒருவர் கிடைப்பார். அந்த இடைவெளியில்தான் பலர் உள்ளே நுழைகிறார்கள். இங்கேதான் அண்ணன், சித்தப்பா, மாமாக்களின் வேலை.

14 - 17 வயது: சம்மதம், ஆன்லைன் மிரட்டல், சட்டம் மூன்றையும் நேரடியாகப் பேசுங்கள். 'உனக்கு நடக்கக் கூடாது' என்பதோடு, 'நீயும் யாருக்கும் செய்யக் கூடாது, நண்பன் செஞ்சா தடுக்கணும்' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரு பையன் உங்களிடம் சொன்னால்?

முதல் பத்து நிமிடங்கள் மிக முக்கியம். உங்கள் முகத்தைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருப்பான்.

சொல்ல வேண்டியவை: 'நான் நம்புறேன்.' 'உன் மேல எந்தத் தப்பும் இல்ல.' 'எங்கிட்ட சொன்னது நல்லதாப் போச்சு.'

கேட்கக் கூடாதவை: 'ஏன் முன்னாடியே சொல்லல?', 'நீ ஏன் அங்க போன?', 'அவரா? அவர் அப்படிப்பட்டவர் இல்லையே?'

'யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யாதீர்கள். அதை உங்களால் காப்பாற்ற முடியாது, சட்டமும் அனுமதிக்காது. 'உன்னைப் பாதுகாக்கத் தேவையானவங்ககிட்ட மட்டும் சொல்வேன். சொல்றதுக்கு முன்னாடி உங்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்' என்று உண்மையைச் சொல்லுங்கள்.

துருவித் துருவிக் கேட்காதீர்கள். அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். கோபத்தில் அந்த ஆளை அடிக்கக் கிளம்பாதீர்கள். தடயங்கள் அழியவும், அந்த ஆள் தப்பிக்கவும் அது வழி செய்துவிடும். 'என்னாலதான் இவ்வளவு சண்டை' என்று பையனும் மறுபடி வாய் மூடிவிடுவான்.

சம்பவம் சமீபத்தில் நடந்திருந்தால் குளிக்க வைக்காமல், அன்று போட்டிருந்த உடைகளைத் துவைக்காமல் ஒரு பேப்பர் கவரில் போட்டு, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எஃப்.ஐ.ஆர் போடாவிட்டாலும் மருத்துவப் பரிசோதனை செய்யலாம். ஹெச்.ஐ.வி தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

சட்டம் பையன்களுக்கும் உண்டா?

நிச்சயமாக. போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிரம்பாத எல்லோரும் இந்தச் சட்டத்தில் 'குழந்தை'தான். ஆண், பெண் வித்தியாசம் இல்லை. அதற்கு முன்புவரை, பாதிக்கப்பட்ட பையனுக்கு இருந்த முக்கிய வழி, இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவுதான். போக்சோவில் சில முக்கிய விஷயங்கள்:

* உடலுக்குள் ஊடுருவும் பாலியல் தாக்குதலுக்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டுகள் சிறை. பாதிக்கப்பட்டவர் 16 வயதுக்குக் கீழ் என்றால் குறைந்தபட்சம் 20 ஆண்டுகள். 2019 திருத்தத்தில் இந்தத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. ஆசிரியர், உறவினர், ஹாஸ்டல் ஊழியர், போலீஸ்காரர் போன்றவர்கள் செய்தால் சட்டம் இன்னும் கடுமையாகப் பார்க்கும்.

* 'டிரஸ்ஸுக்கு மேலதானே தொட்டார்' என்பது தப்பிக்கும் வழி அல்ல. பாலியல் நோக்கம்தான் முக்கியம் என்று 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

* விஷயம் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது குற்றம். 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். பள்ளி, ஹாஸ்டல் போன்ற நிறுவனங்களின் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். 'ஸ்கூல் பேர் கெட்டுடும்' என்று சமாதானம் பேச வருபவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். நல்லெண்ணத்தில் புகார் கொடுத்தவர் மீது வழக்கு போட முடியாது.

* குழந்தை ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை. வீட்டுக்கோ, அவன் விரும்பும் இடத்துக்கோ போலீஸ் வந்து, யூனிஃபார்ம் இல்லாமல் வாக்குமூலம் வாங்க வேண்டும். நம்பிக்கையானவர் ஒருவர் உடன் இருக்கலாம்.

* வழக்கு விசாரணை மூடிய அறையில்தான். பெயர், முகவரி, பள்ளி, குடும்பம் என எந்த அடையாளத்தையும் ஊடகம் வெளியிடக் கூடாது.

* குழந்தைகள் நலக் குழு மூலம், வழக்கு முடியும்வரை கூட வர ஒரு ஆதரவு நபரைக் கேட்கலாம். இழப்பீடும் பையன்களுக்கு உண்டு.

ஓட்டை ஒன்றும் இருக்கிறது. 18 வயது நிரம்பிய ஆணுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் பாலியல் வன்கொடுமைக்கான பிரிவு, பெண் பாதிக்கப்படுவதை மட்டுமே பேசுகிறது. பழைய 377-க்கு இணையான பிரிவும் அதில் இல்லை. கல்லூரி ஹாஸ்டலில் 19 வயது இளைஞனுக்கு நடந்தால், தாக்குதல், சிறைப்படுத்துதல், மிரட்டல் போன்ற பிரிவுகளைத்தான் நாட வேண்டியிருக்கிறது. இது பேசப்பட வேண்டிய விஷயம்.

இது உங்களுக்கே நடந்திருந்தால்...

இதைப் படிக்கும்போது உங்களுக்குப் பழைய நினைவு ஏதாவது வந்திருக்கலாம். அது உங்கள் தவறு அல்ல. அன்று நீங்கள் ஒரு குழந்தை.

சிறுவயதில் உறவினர் ஒருவரால் ஆண்டுக்கணக்கில் பாதிக்கப்பட்ட ஹரிஷ் ஐயர், 2012-ல் 'சத்யமேவ ஜெயதே' டி.வி நிகழ்ச்சியில் நாடே பார்க்க அதைப் பேசினார். எல்லோரும் டி.வி-யில் பேச வேண்டும் என்றில்லை. நம்பும் ஒரு நண்பர், ஒரு மனநல ஆலோசகர், அது போதும். கடுமையான குற்றங்களுக்குக் காலவரம்பு கிடையாது என்பதால், வளர்ந்த பிறகும் சட்ட வழியை யோசிக்கலாம். அவசரம் இல்லை. முடிவு உங்களுடையது.

போனில் சேமித்து வையுங்கள்

1098 - குழந்தைகளுக்கான உதவி எண், 24 மணி நேரமும்.

112 - அவசர உதவி.

14417 - தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண்.

14416 - டெலி மானஸ், இலவச மனநல ஆலோசனை. தமிழிலும் பேசலாம்.

1930 - சைபர் குற்றம்.

இன்று இரவு வீட்டில் தம்பியோ, அண்ணன் மகனோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், 'ஸ்கூல்ல என்ன மார்க்?' என்பதற்குப் பதில், 'யாராவது உன்னை சங்கடப்படுத்துறாங்களாடா? எப்போ வேணா எங்கிட்ட சொல்லு' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இன்றைக்கே பதில் வராமல் போகலாம். சொல்ல ஆள் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும்.